கையெழுத்தும் எண்ணமும்



அரசியலில் பொய் சகஜம், அதைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது என்று இரண்டு நண்பர்கள் கேட்டுவிட்டார்கள். தேர்தல் மேடைப் பொய்யைப் பற்றி நான் பேசப்போவதில்லை. எதிர்த்தரப்பைச் சம்மதிக்க வைத்துவிட்டால் போதும், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று கொடுக்கப்படும் வாக்கைப் பற்றித்தான் பேசப் போகிறேன். அதற்கு நம் ஹைதராபாத்தைவிட நல்ல உதாரணம் கிடையாது.

வெளியூர் அங்கத்தினர்களுக்காகக் கொஞ்சம் சரித்திரம். ஆந்திராவும் தெலங்கானாவும் இணைவதற்கு முன், 1956 பிப்ரவரி 20 அன்று டில்லியில் இரு தரப்புத் தலைவர்களும் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டார்கள். 'ஜென்டில்மென்ஸ் அக்ரிமென்ட்' என்று பெயர். தெலங்கானாவின் உபரி வருமானம் தெலங்கானாவுக்கே. வேலையில் உள்ளூர்க்காரருக்குப் பாதுகாப்பு. முதல்வர் ஒரு பிரதேசம் என்றால் துணை முதல்வர் மற்றொன்று. நவம்பர் 1-ல் மாநிலம் பிறந்தது. நீலம் சஞ்சீவ ரெட்டி முதல்வரானார். துணை முதல்வரை நியமிக்கவில்லை. கைக்கு ஆறாவது விரல் எதற்கு என்று அவர் கேட்டதாக இங்கே இன்றும் சொல்வார்கள். உடன்படிக்கையில் கையெழுத்திட்டவர்களில் அவரும் ஒருவர்!

எண்ணம் இருந்ததா இல்லையா என்று யார் கண்டது என்பீர்கள். மற்ற ஷரத்துகளுக்குப் பணம் வேண்டும், காலம் வேண்டும். இதற்கு ஒரு நாற்காலி போதும். எட்டே மாதத்தில் அதுவும் மறந்துபோயிற்று என்றால் நான் நம்பத் தயாரில்லை.

உத்தியோக காலத்தில் ஊழியர் சங்கங்களோடு பலமுறை பேச்சுவார்த்தைக்கு உட்கார்ந்திருக்கிறேன். கடைசியாக எவ்வளவு தருவோம் என்பதை மறைத்துத்தான் பேசுவோம். அவர்களும் அப்படியே. அது பேரம், குற்றமில்லை. ஆனால் கையெழுத்துப் போட்டதைத் தராமல் போனால், அடுத்த தடவை சங்கத்துக்காரர் மேஜைக்கு வரமாட்டார், நேரே வாசலில் கொடி பிடிப்பார்.

அதேதான் நடந்தது. 1969-ல் தெலங்கானா கொந்தளித்துப் பலர் உயிரிழந்தார்கள். 1971 மக்களவைத் தேர்தலில் தனி மாநிலம் கேட்ட தெலங்கானா பிரஜா சமிதி, இப்பகுதியின் 14 இடங்களில் 10-ஐ வென்றது. அதே ஆண்டு காங்கிரஸில் கலந்துவிட்டது! தலைவர் யார் தெரியுமா? பின்னாளில் தமிழ்நாட்டு கவர்னராக இருந்தாரே, அதே சென்னா ரெட்டிதான். 1956-ல் தெலங்கானா தரப்பில் கையெழுத்திட்டவரும் அவரே. ஆகவே குற்றம் ஒரு கரையில் மட்டும் இல்லை.

என்னைப் போன்றவர்களுக்கு அதிகம் உறுத்துவது அரசாணை எண் 610. விதிமீறி நியமிக்கப்பட்ட வெளிப்பகுதி ஊழியர்களை 1986 மார்ச் 31-க்குள் திருப்பி அனுப்பவேண்டும் என்று 1985 டிசம்பரில் போட்டார்கள். அது என்னவாயிற்று என்று விசாரிக்க 2001-ல் ஒரு கமிஷன் தேவைப்பட்டது. மேடைப் பேச்சு காற்றோடு போகலாம், அரசாணையுமா?

2010-ல் ஸ்ரீகிருஷ்ணா கமிட்டி, மாநிலத்தைப் பிரிக்காமல் தெலங்கானாவுக்குச் சட்டப்பூர்வமான பிரதேச கவுன்சில் அமைப்பதே சிறந்த வழி என்றது. யோசனை மோசமானதல்ல. ஆனால் 1956 ஏற்பாட்டிலும் ஒரு பிரதேச கமிட்டி இருந்தது, 1973-ன் ஆறு அம்சத் திட்டத்தோடு அது போயிற்று. பார்த்த மருந்தை மறுபடி யார் குடிப்பார்கள்? நடுவழி எதுவாயினும் ஏமாற்று என்று ஜனங்கள் முடிவுகட்டிவிட்டால் சட்டசபையும் கமிட்டியும் செல்லாக்காசு. பந்த்தும் உண்ணாவிரதமும்தான் மிச்சம்.

2014-ல் மாநிலம் பிரிந்தது. அதிலும் ஒரு விசித்திரம். அதே பிப்ரவரி 20 அன்று, பிரிவினை மசோதா நிறைவேறிய மாநிலங்களவையில், ஆந்திராவுக்கு ஐந்து ஆண்டு சிறப்பு அந்தஸ்து என்றார் பிரதமர் மன்மோகன் சிங். பத்து ஆண்டு வேண்டும் என்றார் எதிர்க்கட்சியின் வெங்கையா நாயுடு. மே மாதம் அந்த எதிர்க்கட்சியே ஆட்சிக்கு வந்தது. ஐந்தும் வரவில்லை, பத்தும் வரவில்லை. பதினான்காவது நிதிக் கமிஷனைக் காரணம் காட்டினார்கள்.

விஜயவாடா நண்பர்களிடம் இப்போது எந்தத் திட்டத்தைப் பற்றிப் பேசினாலும், "சட்டத்தில் எழுதியிருக்கிறதா?" என்றுதான் முதலில் கேட்கிறார்கள். இங்கே செகந்திராபாத்தில் அதே கேள்வியை ஐம்பது வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தேன்.