தழும்பு விழுமுன்



தோலைக் கையில் எடுத்ததுமே தழும்பு எங்கே என்று சொல்லிவிடும் ஊர் நம் ஆம்பூர். தழும்பு இருந்தால் ரகம் இறங்கும். பூச்சுப் போட்டு மறைக்கலாம், போக்க முடியாது. சிறுநீரகத்தில் விழும் தழும்பும் அப்படித்தான். ஆனால் அது நம் கண்ணுக்குப் படாது, வலிக்கவும் வலிக்காது. கால் வீங்கி, மூச்சு வாங்கி ஆஸ்பத்திரிக்கு ஓடும்போது பெரும்பகுதி போயிருக்கும்.

அப்புறம் டயாலிசிஸ், இல்லையென்றால் மாற்றுச் சிறுநீரகம். இந்தியாவின் முதல் வெற்றிகரமான சிறுநீரக மாற்று அறுவை 1971-ல் நம்ம வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில்தான் நடந்தது. நமக்குப் பெருமைதான், ஆனால் அந்த அறுவைக்குப் படுக்காமலே காலம் தள்ளுகிறவன்தான் கொடுத்துவைத்தவன்.

அதற்கு ஒரு வழி, யாரும் நினைக்காத இடத்திலிருந்து வந்தது. 1835-ல் ஆப்பிள் மரப்பட்டையிலிருந்து புளோரிசின் என்ற கசப்புப் பொருளைப் பிரித்தார்கள். அது சர்க்கரையைச் சிறுநீரில் இறக்கிவிடும். அதை மாதிரியாக வைத்து, ஒன்றரை நூற்றாண்டுக்கும் பிறகு செய்த சர்க்கரை மாத்திரைதான் டாபாகிளிஃப்ளோசின். கொடுத்துப் பார்த்தால் சர்க்கரை மட்டுமா குறைந்தது? சிறுநீரக வடிகட்டிகளுக்குள் அழுத்தம் தணிந்தது, புரதம் ஒழுகுவது குறைந்தது. அழுத்தம் தணிந்தால் தழும்பு படரும் வேகமும் தணியும்.

சரி, சர்க்கரையே இல்லாதவருக்கு? இந்த மாத்திரையைப் பற்றி 2020-ல் வெளிவந்த ஆய்வில் இந்தியா உட்பட 21 நாடுகளின் 4,304 சிறுநீரக நோயாளிகள் சேர்ந்தார்கள். மூன்றில் ஒருவருக்குச் சர்க்கரை கிடையாது. சிறுநீரகத்தின் வேலைத்திறன் பாதியாகச் சரிவது, அடியோடு பழுதாவது, சிறுநீரகத்தாலோ இதயத்தாலோ உயிர் போவது, இவையெல்லாம் சேர்ந்த ஆபத்து 39 சதவீதம் குறைந்தது. சர்க்கரை இல்லாதவர்களுக்கும் பலன் கிடைத்தது.

விழுந்த தழும்பை இந்த மாத்திரை அழிக்காது. மிச்சத்தைக் காப்பாற்றும், அவ்வளவுதான். மிச்சம் நிறைய இருக்கும்போதே பிடிக்க வேண்டும்.

இதன் இந்தியக் காப்புரிமை முடிந்து, நம் கம்பெனிகளே தயாரிக்க, விலை இறங்கிவிட்டது. மாத்திரை எட்டுகிறது, சோதனைதான் எட்டவில்லை. முகாம் என்றால் பி.பி., சர்க்கரை, கண் என்று முடித்துக்கொள்கிறோம். சிறுநீரில் புரதம் பார்க்கிறோமா? ஷூ கம்பெனியில், கழிப்பறைக்கு எழுந்து போக வேண்டுமே என்று தண்ணீரே குடிக்காமல் மிஷினில் உட்கார்ந்திருக்கும் தங்கைகளை நினைத்துத்தான் கேட்கிறேன்.

இன்னொன்று. நான் சொன்னேன் என்று கடையில் வாங்கி விழுங்காதீர்கள். இந்த மாத்திரை எல்லாருக்கும் ஆகாது. வாந்தி, பேதி, காய்ச்சல் வந்தால் நிறுத்திவைக்கச் சொல்வார்கள். ரமலான் நோன்பு வைக்கிற சகோதரர்கள் நோன்புக்கு முன்பே டாக்டரிடம் பேசிவிடுங்கள். உடம்பில் நீர் வற்றும் நேரத்தில் இது தொல்லை கொடுக்கும்.

டேனரி, ஷூ கம்பெனி முதலாளிகள் முன்வரிசையிலேயே இருக்கிறீர்கள். அடுத்த முகாமில் சிறுநீர்ப் புரதச் சோதனையையும், சிறுநீரகத்தின் வேலைத்திறனைக் காட்டும் ரத்தக் கிரியாட்டினின் சோதனையையும் சேருங்கள். ஒப்பந்தத் தொழிலாளியையும் விடாதீர்கள்.