வாசல் தெளிக்க ஆள் உண்டா?



மகளுக்குப் பேறுகாலம். டல்லாஸிலோ நியூ ஜெர்சியிலோ இருக்கிறாள். அப்பாவும் அம்மாவும் கிளம்பியாக வேண்டும். விருந்தினர் விசாவில் போகிறவர்களுக்கு அமெரிக்காவில் வழக்கமாக ஆறு மாதம் வரை தங்க அனுமதி கிடைக்கும். பேரனைக் கையில் வாங்கியபின் யாருக்குத்தான் சீக்கிரம் திரும்ப மனம் வரும்? ஆறு மாதத்தையும் முழுதாக இருந்துவிட்டுத்தான் வருவார்கள். சென்னையில் இவர்கள் இருப்பதோ வாடகை வீடு. காலி செய்துவிட்டுப் போகலாம் என்றால், திரும்பி வரும்போது இதே தெருவில் இந்த வாடகைக்கு வீடு கிடைக்குமா? அதனால் மாதாமாதம் வாடகையை அனுப்பிக்கொண்டே வீட்டைப் பூட்டி வைத்துவிட்டுப் போகிறார்கள். சிங்கப்பூரில் ஒரு வருட வேலைக்குப் போகிற இளம் தம்பதியும் சில நேரம் இப்படித்தான் செய்கிறார்கள். இவர்களை மனத்தில் வைத்துத்தான் இன்று பேசப் போகிறேன்.

சென்னையிலிருந்து வெளிநாடு போகும் விமானங்களில் பல நள்ளிரவுக்கும் விடியலுக்கும் நடுவில் கிளம்புகின்றன. இரவு பத்து மணிக்கு வாசலில் கார் வந்து நிற்கும். இருபத்துமூன்று கிலோ பெட்டிகள் நான்கு, ஊறுகாய், வடகம், பருப்புப்பொடியோடு இறங்கும். எதிர்வீட்டுக்காரர் வழியனுப்புவார், மாடிவீட்டுக் குழந்தைகள் டாட்டா காட்டும், இஸ்திரி வண்டிக்காரர் விசாரிப்பார். போகிற வழியிலேயே மீனம்பாக்கத்திலிருந்து ஒரு செல்ஃபி வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் ஏறிவிடும். இந்த வீட்டில் இனி ஆறு மாதத்துக்கு யாரும் இல்லை என்ற செய்தியை ஊருக்கு அறிவிக்க வேறு தண்டோரா தேவையில்லை. தெருவுக்குத் தெரிவதைத் தடுக்க முடியாது. தெருக்காரர்கள் பெரும்பாலும் நல்லவர்கள், அவர்கள் தெரிந்திருப்பது நல்லதும்கூட. அந்த ஸ்டேட்டஸையாவது பேரன் பிறந்து, ஊர் திரும்பிய பிறகு போடலாம்.

வீட்டை உடைக்கிறவன் வேலையைத் தொடங்குவது இரவில் அல்ல, பகலில். தெருவில் ஒருமுறை சும்மா நடந்து போனாலே அவனுக்கு வேண்டியது கிடைத்துவிடுகிறது. வாசல் நான்கு நாளாகப் பெருக்கப்படவில்லை, கோலம் இல்லை. கிரில் கம்பியில் செருகிய டியூஷன் சென்டர் நோட்டீஸ் அப்படியே இருக்கிறது. சில சமயம் அந்த நோட்டீஸைச் செருகியதே அவனாக இருக்கும், மறுநாள் வந்து பார்ப்பதற்காக. துளசி காய்ந்திருக்கிறது. ஸ்கூட்டர் சீட்டில் தூசி. இதில் நம்மவர்கள் செய்யும் பெரிய வேடிக்கை, ‘வீட்டில் ஆள் இருக்கிற மாதிரி தெரியட்டும்’ என்று வாசல் விளக்கைப் போட்டுவிட்டுப் போவது. பட்டப்பகல் பன்னிரண்டு மணிக்கு எரிகிற விளக்கைவிட, வீட்டில் யாரும் இல்லை என்பதற்கு வேறு நல்ல சாட்சி கிடையாது. மாலையில் தானாக எரிந்து இரவு அணையும் டைமர் பிளக் மின்சாமான் கடைகளில் கிடைக்கிறது. வைப்பதானால் அதை உள்ளறை விளக்குக்கு வையுங்கள்.

இந்த அடையாளங்கள் எல்லாவற்றையும் ஒரே ஆள் அழித்துவிட முடியும். உங்கள் வீட்டில் வேலை செய்யும் அம்மாதான் அவர். பலரும் ஊருக்குக் கிளம்பும்போது முதலில் நிறுத்துவது அவருடைய சம்பளத்தைத்தான். ‘ஆறு மாதம் கழித்து வந்து கூப்பிடுகிறோம்’ என்கிறார்கள். விமான டிக்கெட்டுக்கு லட்சங்களில் செலவழித்தவர்கள் இதில் மிச்சம் பிடிப்பது எனக்குப் புரிவதேயில்லை. அவருக்கு முழுச் சம்பளமே கொடுங்கள். காலையில் வந்து வாசலைப் பெருக்கித் தண்ணீர் தெளித்துக் கோலம் போடட்டும். கோலம் போடாத வீடென்றால் தெளித்தாலே போதும். நோட்டீஸை எடுத்துப் போடட்டும், செடிக்குத் தண்ணீர் ஊற்றட்டும், சன்னல் சட்டம் வழக்கம்போல் இருக்கிறதா என்று வீட்டைச் சுற்றி ஒரு பார்வை பார்க்கட்டும். வாரத்துக்கு இரண்டு மூன்று நாள் ஸ்கூட்டரை இடம் மாற்றி நிறுத்தச் சொல்லி வேறு யாரையாவது பிடியுங்கள். இத்தனைக்கும் வீட்டுச் சாவி தேவையில்லை. கேட் சாவி போதும்.

வீட்டுச் சாவியை அவரிடம் கொடுக்க வேண்டாம் என்று நான் சொல்வது அவரைச் சந்தேகித்து அல்ல. ஏதாவது நடந்தால் முதல் கேள்வி அவர்மேல்தான் பாயும். விசாரணை என்று காவல் நிலையத்தில் உட்கார வைக்கப்படுவது யார் என்று நமக்கெல்லாம் தெரியும். அந்த நிலைமைக்கு அவரை ஆளாக்காமல் இருப்பது நம் பொறுப்பு. வீட்டுச் சாவி இன்னொருவரிடம் இருக்கட்டும். கூப்பிட்டால் அரைமணிக்குள் வரக்கூடிய உறவினர், நெடுநாள் நண்பர், யாராவது ஒருவர். ஒரே ஒருவர். மீட்டர் பெட்டிக்குள், செருப்பு ஸ்டாண்டில், பூந்தொட்டிக்கு அடியில் வைக்கும் பழக்கத்தைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. அந்த மூன்று இடங்களும் திருடனுக்கு மனப்பாடம்.

சாவி என்றதும் வாடகை வீட்டுக்கே உரிய ஒரு சங்கதி. உங்களுக்கு முன் அந்த வீட்டில் குடியிருந்தவர் எல்லாச் சாவியையும் திருப்பிக் கொடுத்தாரா? வீடு காட்டிய புரோக்கர்? வெள்ளையடித்த மேஸ்திரி? குடிவந்த அன்றே பூட்டை மாற்றியிருக்க வேண்டும். மாற்றாதவர்கள் விமானம் ஏறுவதற்கு முன்பாவது மாற்றுங்கள். இதற்கு வீட்டுக்காரரிடம் மல்லுக்கு நிற்க வேண்டியதில்லை. தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டம், எந்தப் பழுது யார் பொறுப்பு என்று பட்டியலே போட்டிருக்கிறது. கதவு, அலமாரிப் பூட்டுகளை மாற்றுவது அதில் குடியிருப்பவர் பங்கில் வருகிறது. சுவர், கட்டடம் சார்ந்த பெரிய வேலைகள் வீட்டுக்காரர் பங்கு. புதிதாக கிரில் கேட் வைக்க நினைத்தால் அவரைக் கேட்காமல் சுவரில் துளை போடாதீர்கள்.

பூட்டு வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். ஏழு நெம்புகோல், எட்டு நெம்புகோல் என்று விலை கொடுத்துப் பெரிய பூட்டை வாங்கி, நான்கு சின்ன ஸ்க்ரூவில் தொங்கும் பழைய நாதாங்கியில் மாட்டுகிறோம். கடப்பாரையோடு வருகிறவன் பூட்டைத் தொடுவதேயில்லை, நாதாங்கியைத்தான் நெம்புகிறான். மழையில் ஊறிய மரச்சட்டம் ஒரே நெம்பில் வாய் பிளந்துவிடும். வெளியே தொங்கும் பூட்டு ‘உள்ளே ஆளில்லை’ என்று வேறு சொல்கிறது. கதவுக்குள்ளேயே பதிந்த பூட்டு என்றால், வீட்டில் ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் வெளியிலிருந்து பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும். அதைவிட, முன்கதவைப் பற்றி இத்தனை கவலைப்படும் நாம் குளியலறை வென்டிலேட்டரை மறந்துவிடுகிறோம். அதன் கண்ணாடிப் பட்டைகளைச் சத்தமில்லாமல் ஒவ்வொன்றாக உருவிவிடலாம். உள்ளே கம்பி இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். பின்கட்டுக் கதவும் மொட்டைமாடிக் கதவும் அப்படியே.

கேமரா பற்றிக் கேட்பீர்கள். வைக்கலாம். ஆனால் கேமரா இருப்பதால் வீடு பத்திரம் என்று நம்பி உட்கார்ந்துவிடக் கூடாது. ‘சிசிடிவி ஹார்டு டிஸ்க்கையும் கழற்றிச் சென்றனர், மோப்ப நாயை ஏமாற்ற மிளகாய்ப்பொடி தூவிச் சென்றனர்’ என்ற வாக்கியத்தை நாளிதழ்களில் எத்தனை முறை படித்திருக்கிறோம்! காட்சிகள் இணையத்தில் போய்ச் சேமிக்கப்படும் வகையாக இருந்தால் அந்தத் தொல்லை குறையும். அதற்கு மின்சாரமும் வைஃபையும் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். நம் ஆட்கள் ஊருக்குப் போகும்போது பாதுகாப்புக்காக மெயின் சுவிட்சையே அணைத்துவிட்டுப் போவார்கள். கேமராவும் அதோடு கண்ணை மூடிக்கொள்ளும்.

கேமரா வேலை செய்கிறது என்றே வைத்துக்கொள்வோம். சென்னையில் இரவு இரண்டு மணி. நியூ ஜெர்சியில் கோடைக்காலமானால் அது முந்தைய நாள் மாலை நாலரை. பேரனைத் தள்ளுவண்டியில் வைத்துப் பூங்காவில் நடக்கிறீர்கள். போன் சிணுங்குகிறது. திரையில் உங்கள் வரவேற்பறையில் டார்ச் வெளிச்சம். என்ன செய்வீர்கள்? பதறிப்போய் 100ஐ அழுத்தினால் அங்கிருந்து சென்னைக் காவல் கட்டுப்பாட்டு அறை வராது. 112ம் அப்படித்தான். அவசர எண்கள் நீங்கள் நிற்கும் நாட்டுக்குரியவை. ஆகவே உங்கள் பகுதிக் காவல் நிலையத்தின் தொலைபேசி எண்ணை, முன்னால் 91, அதன்பின் சென்னைக்கான 44 சேர்த்து, போனில் பதிந்து வைத்துக்கொள்ளுங்கள். சாவி வைத்திருப்பவர் இரவில் போனை ஊமையாக்கிவிட்டுத் தூங்குகிறவரா என்பதையும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். சிரிக்காதீர்கள், அந்த நேரத்தில் இது ஒன்றுதான் முக்கியம்.

ஊருக்குக் கிளம்புவதற்கு முன்பே காவல் நிலையத்துக்கு ஒருமுறை போக வேண்டும். வெளியூர் போகிறவர்கள் தகவல் சொல்லிவிட்டுப் போங்கள் என்று காவல்துறை ஆண்டுதோறும், குறிப்பாகக் கோடை விடுமுறையிலும் பண்டிகை நாட்களிலும், கேட்டுக்கொள்கிறது. முகவரி, போகும் தேதி, வரும் தேதி, சாவி வைத்திருப்பவர் பெயர், அவர் எண். இதை ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். பூட்டிய வீடுகளைக் குறித்துக்கொண்டு இரவு ரோந்தில் பார்த்துவிட்டுப் போவது அவர்கள் வழக்கம். அதே தாளின் இன்னொரு பிரதியை வீட்டுக்காரருக்குக் கொடுங்கள். இல்லாவிட்டால் உங்கள் மைத்துனர் கதவைத் திறக்கும்போது வீட்டுக்காரர் திருடன் என்று கத்துவார், அல்லது திருடன் திறக்கும்போது மைத்துனர் என்று நினைத்துக்கொள்வார். படிக்கிற பையன் யாரையாவது வீட்டில் தங்கவைத்துவிட்டுப் போக நினைத்தால் அதற்கும் வீட்டுக்காரரின் எழுத்து மூலமான சம்மதத்தை வாங்கிவிடுங்கள். அனுமதியில்லாமல் உள்வாடகைக்கு விட்டதாகப் பின்னால் பேச்சு வரக் கூடாது.

நகை. இதில் பேச்சே இல்லை, வங்கி லாக்கர். பீரோவில் பூட்டி, பீரோ சாவியைப் புடவை அடுக்குக்குள் ஒளித்து வைப்பதை இன்றோடு விட்டுவிடுங்கள். லாக்கரிலும் ஒரு வரம்பு உண்டு. ரிசர்வ் வங்கியின் விதிப்படி 2022 ஜனவரி முதல், திருட்டு, தீ, கட்டடம் இடிதல், ஊழியர் மோசடி ஆகியவற்றால் லாக்கரில் இருப்பது போனால் வங்கியின் பொறுப்பு ஆண்டு வாடகையைப் போல நூறு மடங்கு வரைதான். வாடகை 3,000 ரூபாய் என்றால் மூன்று லட்சம். இன்றைய தங்க விலையில் அது எத்தனை பவுன் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். அப்படியும் லாக்கர் வீட்டைவிடப் பல மடங்கு மேல்.

காப்பீடு எடுக்கிறவர்கள் இரண்டைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ‘பாரத் கிருக ரக்ஷா’ என்ற பொதுவான வீட்டுக் காப்பீடு 2021 ஏப்ரலில் வந்தது. வாடகைக்கு இருப்பவர்கள் கட்டடத்தை விட்டுவிட்டு வீட்டுச் சாமானுக்கு மட்டும் அதை எடுக்கலாம். ஆனால் அதன் அடிப்படைப் பாதுகாப்பு தீ, வெள்ளம் போன்றவற்றுக்கு. அந்த விபத்தைத் தொடர்ந்து ஏழு நாளுக்குள் நடக்கும் திருட்டு மட்டும் அதில் சேரும். பூட்டை உடைத்துத் திருடுவதற்கான பாதுகாப்பைத் தனியாகச் சேர்க்க வேண்டும். அடுத்தது, ஆள் இல்லாமல் பூட்டிக் கிடக்கும் நாட்களுக்குப் பல பாலிசிகள் வரம்பு வைத்திருக்கின்றன. ஆறு மாதம் ஊரில் இருக்க மாட்டோம் என்று முன்கூட்டியே எழுதிக் கொடுத்துப் பதில் வாங்கிக்கொள்ளுங்கள்.

இத்தனைக்குப் பிறகும் நடந்துவிட்டால்? சாவி வைத்திருப்பவர் உள்ளே போகக் கூடாது, எதையும் தொடக் கூடாது. வெளியே நின்று 100க்குச் சொல்ல வேண்டும். கைரேகை எடுக்க வருகிறவர்களுக்கு அவர் செய்யக்கூடிய பெரிய உதவி அதுதான். புகார் கொடுக்க நீங்கள் விமானம் பிடித்து வர வேண்டியதில்லை. விவரம் தெரிந்த யாரும் கொடுக்கலாம். 2024 ஜூலை முதல் நடப்பில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் மின்னணு வழியாகவும் புகார் அனுப்ப இடமிருக்கிறது. ஆனால் அனுப்பியவர் மூன்று நாளுக்குள் கையெழுத்திட வேண்டும். அதனால் ஊரில் இருப்பவரே கையெழுத்துப் போட்டுக் கொடுப்பதுதான் நடைமுறைக்கு எளிது. புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீதோடு மட்டும் திரும்பி வந்துவிட வேண்டாம் என்று அவரிடம் சொல்லி வையுங்கள். முதல் தகவல் அறிக்கை பதிவாக வேண்டும், அதன் பிரதியைக் கட்டணமில்லாமல் தர வேண்டும். காப்பீட்டு நிறுவனமும் அதைத்தான் கேட்கும்.

போனது என்ன என்று சொல்லத் தெரிய வேண்டுமே! கிளம்பும் முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து அறை அறையாகப் போனில் வீடியோ எடுங்கள். நகைகளைத் தனித்தனியாக, பில்லோடு சேர்த்து. மடிக்கணினியின் சீரியல் எண் தெரிய. அதை உங்கள் மின்னஞ்சலுக்கே அனுப்பிவிடுங்கள். திருட்டுப்பொருள் பிடிபட்டால் நீதிமன்றம் வழியாகத்தான் திரும்பக் கைக்கு வரும். அப்போது இந்த இரட்டைவடச் சங்கிலி என்னுடையதுதான் என்று காட்ட உங்களிடம் படம் இருக்க வேண்டும்.

கடைசியாக, ஆறு மாதம் முடிந்து ஊர் திரும்பியதும் காவல் நிலையத்துக்கு ஒரு போன் போட்டு ‘வந்துவிட்டோம்’ என்று சொல்லிவிடுங்கள். நேர மாற்றத்தில் முதல் ஒரு வாரம் உங்களுக்குத் தூக்கம் வராது. நடுராத்திரி இரண்டு மணிக்கு எல்லா விளக்கையும் போட்டுப் பீரோவைக் குடைந்துகொண்டிருப்பீர்கள். ரோந்து வரும் காவலருக்கு அது வேறு மாதிரிதான் தெரியும்.