ஈறு காத்தால் பல் நிலைக்கும்

(வில்லியனூர், பாகூர் கொம்யூன்களின் கூட்டுறவுச் சங்க அங்கத்தினர்களுக்குச் செய்த பிரசங்கம்)



கடன்பட்ட குடியானவன் தவணை தவறினால் முதல் மாதத்தில் அவனுக்கு ஒரு குறையும் தெரிவதில்லை. வட்டி முதலோடு சேர்ந்து, நிலம் கைவிட்டுப் போகும் சமயத்தில்தான் கண் விழிக்கிறான். ஈறு வியாதியும் இத்தகையதே. அது நோவில்லாமல் நுழைகிறது. நோவு காணும்போது பெரும்பாலும் பாதிச் சேதம் நேர்ந்துவிட்டிருக்கும். பல் துலக்குகையில் ஈற்றில் காணும் இரத்தமே அது அனுப்பும் முதல் நோட்டீஸ்.

வயது சென்றால் பல் விழுவது இயற்கை என்று அநேகர் எண்ணுகின்றனர். பல்லில் புழு விழுந்தது என்பாரும் உளர். இவ்விரண்டும் சரியன்று என்பதற்கு நம் தமிழ் மக்களிடமே கண்ட சாட்சி உண்டு. நார்வே நாட்டினரான ஹரால்ட் லோ என்னும் பல் வைத்திய நிபுணரும் அவருடைய சகாக்களும், இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் உழைத்த 480 தமிழ்த் தொழிலாளரை 1970 முதல் 1985 வரை பலமுறை பரிசோதித்தனர். அவர்களுக்குப் பல் துலக்கும் வழக்கமோ பல் வைத்திய வசதியோ இருக்கவில்லை. பற்சொத்தையும் ஏறக்குறைய இல்லை. அப்படியிருந்தும் 100-க்கு 8 பேருக்கு வியாதி விரைந்து முற்றி, 35 வயதில் 12 பற்களும், 40 வயதில் 20 பற்களும், 45 வயதில் எல்லாப் பற்களும் போயின. 81 பேருக்கு அது மெள்ள வளர்ந்து, 45 வயதுக்குள் 7 பற்களைக் கொண்டுபோயிற்று. எஞ்சிய 11 பேர் ஈறு வீக்கத்தோடு தப்பினர்.

“என் பாட்டனார் ஒரு நாளும் பல் துலக்கியதில்லை, எண்பது வயதில் கரும்பு கடித்தாரே!” என்று சிலர் கேட்பதுண்டு. அவர் அந்த 11 பேரைப் போன்றவர். நாம் எந்த வகுப்பைச் சேர்ந்தவர் என்பதை நம் வாயைப் பார்த்த மாத்திரத்தில் முன்கூட்டி அறிய இயலாது. ஆகையால் அதிர்ஷ்டத்தை நம்பியிருத்தல் விவேகமன்று.

வியாதியின் காரணம் எளிது. பல்லும் ஈறும் சேருமிடத்தில் கிருமிகள் நிறைந்த மெல்லிய படலம் நாள்தோறும் படிகிறது. அதைத் துடைக்காவிடில் ஈறு சிவந்து வீங்குகிறது. படலம் இறுகிக் காறையாகிறது. பின்பு ஈறு பல்லை விட்டு விலகி, பல்லைத் தாங்கும் எலும்பு கரைகிறது. கரைந்த எலும்பு முழுவதும் திரும்புவதில்லை. ஆனால் முதற்படியில் நின்ற வியாதி முற்றிலும் குணமாகும். 1965-ல் வெளியான ஒரு பரிசோதனையில், லோவும் அவர் சகாக்களும் 12 பேரைப் பல் துலக்காதிருக்கச் செய்தனர். மூன்று வாரத்துக்குள் அனைவருக்கும் ஈறு வீங்கியது. மீண்டும் துலக்கத் தொடங்கியபின் சுமார் ஒரு வாரத்தில் வீக்கம் தணிந்தது.

ஆதலால் இரத்தம் கண்டால் துலக்குவதை நிறுத்தலாகாது. மிருதுவான பிரஷினால், ஈற்றோரத்தைத் தொட்டு, காலையிலும் படுக்கைக்குப் போகுமுன்னும் இரண்டு நிமிஷம் மெதுவாகத் துலக்குக. ஃப்ளோரைடு கலந்த பற்பசை நலம். செங்கற்பொடியும் கரித்தூளும் மணலும் பல்லைத் தேய்த்து ஈற்றைப் புண்ணாக்கும். வேப்பங்குச்சி வழக்கமுள்ளோர் நுனியை நன்கு மென்று மிருதுவாக்கி, கடைவாய்ப் பல்லின் உட்புறத்தையும் துலக்க வேண்டும்.

புகையிலை ஈற்றுக்குப் பெரும் பகை. புகைப்பவருக்கு இரத்தக்கசிவு குறைந்து காணப்படுவதால், வியாதி மறைந்தே வளரும். நீரிழிவுள்ளோருக்கு ஈறு வியாதி கடுமையாகும். ஈறு வியாதி சர்க்கரையைக் கட்டுப்படுத்துவதையும் கடினமாக்கும். கர்ப்பிணிகளுக்கு ஈறு எளிதில் வீங்குமாதலால், அவர்கள் துலக்குவதில் அதிகக் கவனம் செலுத்துக.

இறுகிய காறை துலக்குவதால் போகாது. உப்பு நீரில் கொப்பளித்தல் சிறிது ஆறுதல் தருமேயன்றிக் காறையைக் கரைக்காது. அதைப் பல் வைத்தியரே கருவிகொண்டு எடுக்க வேண்டும். காறை எடுத்தால் பல் ஆடும் என்னும் அச்சம் வீண். வியாதியினால் முன்பே தளர்ந்த பல், காறையின் பிடிப்பு நீங்கியதும் நமக்குத் தெரிகிறது, அவ்வளவே. முற்றிய நிலையில் வேரைச் சுத்தம் செய்தலும், சிலருக்கு ஈற்றில் சிகிச்சையும் வேண்டியிருக்கும். இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத வாய்ப்புண்ணோ, வெள்ளை அல்லது சிவப்புத் திட்டோ இருந்தால் தாமதியாமல் காட்டுக.

கோரிமேட்டில் அரசாங்கத்தின் மகாத்மா காந்தி பல் மருத்துவ நிலையம் இருக்கிறது. தனித்துச் செல்லத் தயங்குவோர் பலர் சேர்ந்தால் செல்வர். ஒவ்வொரு சங்கமும் தன் பொதுக் கூட்டத்தில் ஒரு தீர்மானம் செய்து, வருஷத்தில் ஒரு நாள் அங்கத்தினரையும் குடும்பத்தாரையும் பல் பரிசோதனைக்கு அழைத்துச் செல்லுதல் தகும். பாலைச் சேர்ந்து விற்கவும் உரத்தைச் சேர்ந்து வாங்கவும் கற்ற நமக்கு இது பெரிய காரியமன்று.

இன்றிரவு பல் துலக்கித் துப்புகையில் இரத்தம் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், நோவு வரும்வரை காத்திராமல் இந்த வாரமே வைத்தியரிடம் செல்லுங்கள்.