நிச்சய மோதிரம் எடுக்கப் போகிறவர்களுக்கு



திருமணக் காலம் நெருங்குகிறது. பங்கு இல்லங்களுக்கு ஓலை கொடுக்க வருகிறவர்கள் பாதிப் பேர் நகைக்கடைப் பையோடுதான் வருகிறார்கள். இன்று நாம் அந்தப் பைக்குள் இருப்பதைப் பற்றிப் பேசுவோம். மோதிரம், மாலை, வளையல், மாங்கல்யம். சாமியார் நகையைப் பற்றிப் பேசினால் திட்டத்தான் போகிறார் என்று யாரும் வானொலியை அணைத்துவிட வேண்டாம். 1806-ஆம் ஆண்டிலிருந்து பனிமய மாதாவுக்குத் தங்கத்தேர் இழுக்கிற ஊர் நம் ஊர். நாம் தங்கத்தை வெறுத்த மக்கள் அல்ல. விவிலியமும் அதை வெறுக்கச் சொல்லவில்லை.

தொடக்கநூல் 24-ஆம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். ஆபிரகாம் தம் மகன் ஈசாக்குக்குப் பெண் பார்க்கப் பணியாளரை அனுப்புகிறார். கிணற்றடியில் ரெபேக்கா வருகிறாள். முன்பின் தெரியாத அந்த மனிதருக்குத் தண்ணீர் கொடுத்ததோடு, கேட்காமலே அவருடைய பத்து ஒட்டகங்களுக்கும் இறைத்து ஊற்றுகிறாள். தாகம் கொண்ட ஒட்டகம் ஒன்று ஒரே மூச்சில் நூறு லிட்டர் குடிக்கும். பத்துக்கும் இறைப்பது என்றால் தோள் கழன்றுவிடும். அதையெல்லாம் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்த பிறகுதான் அந்த மனிதர் நகையை வெளியே எடுக்கிறார். அரை செக்கேல் எடையில் ஒரு மூக்கணி, பத்து செக்கேல் எடையில் கைக்கு இரண்டு காப்பு. ஒரு செக்கேல் ஏறத்தாழ பதினொன்றரை கிராம். நம் கணக்கில் எல்லாம் சேர்த்துச் சுமார் 15 சவரன் வருகிறது.

யார் யாருக்குப் போட்டார்கள் என்பதைக் கவனித்தீர்களா? மாப்பிள்ளை வீடு பெண்ணுக்குப் போட்டது. அதுவும் குணத்தைப் பார்த்துப் போட்டது. நம் வீடுகளில் இது தலைகீழாகிவிட்டது. பெண்ணின் முகத்தைப் பார்ப்பதற்கு முன்பே, "எத்தனை சவரன் போடுவீங்க?" என்று தரகர் வாயில் கேள்வி வந்துவிடுகிறது. வெளிப்படையாகக் கேட்க வெட்கப்படுகிறவர்கள், "நாங்க எதுவும் கேக்கல, உங்க பிள்ளைக்கு நீங்க செய்யறதச் செய்யுங்க, எங்க மூத்த மருமகளுக்கு ஐம்பது போட்டாங்க" என்கிறார்கள். இதுவும் கேட்பதுதான். வரதட்சணைத் தடைச் சட்டம் 1961-இல் வந்தது. கொடுப்பதும் குற்றம், வாங்குவதும் குற்றம். வாங்காவிட்டாலும் கேட்டதே தனிக் குற்றம். யாரும் கேட்காமல் பெற்றோர் மனமுவந்து மகளுக்குப் போடும் நகையைச் சட்டம் தடுக்கவில்லை. ஆனால் அதற்குப் பட்டியல் எழுதி வைக்க வேண்டும் என்று 1985-இல் விதி வந்தது. என்ன பொருள், தோராயமாக என்ன விலை, கொடுத்தவர் யார் என்று எழுதி, மணமகனும் மணமகளும் கையெழுத்திட வேண்டும். விருந்துக்கு ஆட்டிறைச்சிக் கணக்கை எழுதி வைக்கிற நாம் இந்தப் பட்டியலை எழுதுவதில்லை. பின்னாளில் பெண் கண்ணீரோடு நிற்கும்போது, எது அவளுடையது என்று சொல்ல ஒரு தாளும் இருப்பதில்லை.

அதே 1961-ஆம் ஆண்டில்தான் தூத்துக்குடிக் கடலில் கடைசி முத்துக்குளிப்பு நடந்தது. அதன் பிறகு பார்களில் குளிக்கும் அளவுக்குச் சிப்பி சேரவில்லை. 1542-இல் புனித சவேரியார் வந்து இறங்கியபோது இந்தக் கரைக்கு முத்துக்குளித்துறை என்றே பெயர். பாண்டியர், போர்த்துக்கீசியர், டச்சுக்காரர், ஆங்கிலேயர் என்று யார் ஆண்டாலும், இடுப்பில் கயிற்றோடும் காலில் கல்லோடும் மூச்சடக்கி இறங்கியவர்கள் நம் முன்னோர்களே. ஆங்கிலேயர் காலத்தில் எடுத்த சிப்பியில் மூன்றில் ஒரு பங்குதான் குளித்தவர்களுக்கு, மற்றது அரசுக்கு. எங்கெங்கோ அரசிகளின் கழுத்தில் கிடந்த முத்துக்கு, மூச்சு நம் கரையுடையது.

கயிற்றைப் பற்றி நம் பெரியவர்கள் ஒன்று சொல்வார்கள். கடலுக்குள் இறங்குகிறவனின் கயிற்றைத் தோணியில் நின்று பிடிப்பது அவன் மச்சானாக இருக்க வேண்டும் என்பார்கள். தன் தங்கை தாலியறுக்க எந்த அண்ணனும் சம்மதிக்க மாட்டான், ஆகவே கயிறு அசைந்ததும் தூக்கிவிடுவான் என்பது கணக்கு. பெண் எடுத்த வீட்டாரை நம்பித்தான் அன்று ஒருவன் ஆழத்தில் இறங்கினான். இன்றோ அதே மச்சானிடம், மோட்டார் சைக்கிள் எப்போது வரும் என்று கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

முத்து மாலை வாங்க ஆசைப்படுகிற பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. இப்போது கடைகளில் இருப்பவை பெரும்பாலும் வளர்ப்பு முத்துகள். விலை மலிவானவை சீனத்து நன்னீர் சிப்பிகளில் விளைந்தவை. வளர்ப்பு முத்து போலி அல்ல. அதுவும் சிப்பிக்குள் விளைந்ததே. இந்தியாவில் அதை முதலில் விளைவித்ததும் இங்கேதான். நம் தூத்துக்குடியில் உள்ள மத்தியக் கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தார் 1973-இல் செய்தார்கள். முத்து மென்மையானது. வியர்வையும் வாசனைத் திரவியமும் அதன் பளபளப்பைத் தின்றுவிடும். அலங்காரமெல்லாம் முடித்துக் கடைசியாகப் போட்டு, வீட்டுக்கு வந்ததும் முதலில் கழற்றுங்கள். ஆண்டவர் சொன்ன உவமையில் ஒரு வணிகர் விலையுயர்ந்த முத்துக்காகத் தமக்குள்ள எல்லாவற்றையும் விற்றார். அது விண்ணரசைப் பற்றிய உவமை. முத்து மாலைக்காக அப்பாவின் வள்ளத்தை விற்கச் சொல்லும் வசனம் அல்ல.

மோதிரத்துக்கு வருவோம். பழைய உரோமையர் நிச்சயித்த பெண்ணுக்கு அனுப்பியது வெறும் இரும்பு வளையம். அவர்களுடைய பிளினி என்ற ஆசிரியர் அதை எழுதி வைத்திருக்கிறார். பின்னர் தங்கம் வந்தது. திருச்சபையின் ஆதி எழுத்தாளர் தெர்த்துல்லியன், முற்காலப் பெண்கள் நிச்சய மோதிரம் போடும் ஒரு விரலில் தவிர வேறெங்கும் தங்கம் அறியாதவர்கள் என்று நினைவூட்டுகிறார். நிச்சயம் என்றால் வைரம்தான் என்பது நேற்று வந்த பழக்கம். வைரம் என்றென்றைக்கும் என்ற விளம்பரத்தை அமெரிக்காவில் ஒரு வைர நிறுவனத்துக்காக எழுதியது 1947-இல். அது வேதவாக்கு அல்ல. விருப்பமும் வசதியும் உள்ளவர்கள் வைரம் வாங்கிக்கொள்ளலாம், திருச்சபை தடுக்கவில்லை. வாங்காதவர்களின் அன்பு குறைந்ததும் அல்ல.

உங்களுக்கு எது பொருந்தும் என்று பார்க்கும்போது கண்ணாடியைப் பார்ப்பதற்கு முன் கையைப் பாருங்கள். வலை இழுக்கிற கை, துறைமுகத்தில் சரக்கு ஏற்றுகிற கை, உப்பளத்தில் நிற்கிற கை. கல் துருத்திய மோதிரம் வலையிலும் கொக்கியிலும் மாட்டினால் விரலையே பிய்த்துவிடும். இப்படிப்பட்ட கைக்குத் தட்டையான, ஓரம் மழுங்கிய ஒரு வளையம் போதும். வேலை நேரத்தில் அதையும் கழற்றி வைக்கலாம்; பிரமாணிக்கம் விரலோடு கழன்று போகாது. செவிலியராகப் பணிபுரிகிற பிள்ளைகளுக்கும் இதேதான், கையுறை கிழியாது.

இன்னொரு உண்மையையும் மறைக்காமல் பேச வேண்டும். நம் கடற்கரையில் தங்கம் அலங்காரம் மட்டும் அல்ல, வங்கியும் கூட. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் கிடக்க, பள்ளிக் கட்டணமும் அப்போதுதான் வருகிறது. வீட்டைத் தாங்குவது அம்மாவின் வளையல். ஆகவே தாய்மாரே, வாங்குகிற நகை சிறிதானாலும் அந்த நாளைக்கு உதவுவதாக இருக்கட்டும். கல் வைத்த நகையை அடகுக்குக் கொண்டுபோனால் கல்லின் எடையைக் கழித்துவிடுவார்கள். நுணுக்க வேலைப்பாடு கூடக் கூடச் செய்கூலியும் சேதாரமும் ஏறும். விற்கும்போது அவை திரும்பி வருவதில்லை. 916 என்ற முத்திரையும் ஆறு எழுத்து எண் கொண்ட ஹால்மார்க் குறியீடும் இருக்கிறதா என்று பாருங்கள். ரசீது கேட்டு வாங்குங்கள். நம் பாட்டிமார் காது வளர்த்துப் பாம்படம் போட்டார்கள். பேத்திமார் அதை உருக்கி நெக்லஸ் செய்தார்கள். வடிவம் போய்விட்டது, எடை நின்றது. ஆனால் வங்கியாக இருக்க வேண்டிய தங்கத்தையே வட்டிக்கு வாங்கிப் போட்டால் என்ன ஆகும்? ஞாயிற்றுக்கிழமை பீடத்தின் முன் மின்னிய ஆரம் அடுத்த மாதமே அடகுக்கடை பீரோவுக்குள் போய்விடும். மருமகள் கேட்டால் அவள் மேல் கோபம் வேறு.

இப்போது பிள்ளைகள் கோயில் நகை என்று விரும்பிக் கேட்கிறார்கள். பிற சமயத்தாரின் தெய்வ உருவம் பதித்த பதக்கங்கள் அவை. அழகுதான். அவர்களுக்கு வணக்கத்துக்குரியதை நாம் வெறும் பாணியாகப் போட்டுக்கொள்வது அவர்களுக்கும் மரியாதை அல்ல, நமக்கும் பொருந்தாது. இந்தக் கேள்வி புதிதும் அல்ல. 1703-இல் பாண்டிச்சேரிக்கு வந்த திருத்தந்தையின் தூதர் துர்னோன், 1704-இல் பிள்ளையார் உருவம் பொறித்த தாலியையும் 108 இழை மஞ்சள் கயிற்றையும் கிறிஸ்தவப் பெண்கள் அணியக் கூடாது என்று ஆணையிட்டார். சிலுவையோ, ஆண்டவர் அல்லது அன்னையின் உருவமோ போட்டுக்கொள்ளச் சொன்னார். நாற்பது ஆண்டு வழக்காடி, 1744-இல் திருத்தந்தை பதினான்காம் ஆசீர்வாதப்பர்தான் அந்த விவாதத்தை முடித்துவைத்தார். இவ்வளவு போராட்டத்தைத் தாண்டித்தான் சிலுவையோ புறாவோ பொறித்த மாங்கல்யம் இன்று நம் பெண்கள் கழுத்தில் இருக்கிறது. பீடத்தில் குரு மந்திரிப்பது மோதிரத்தையும் அந்த மாங்கல்யத்தையும் மட்டுமே. மற்ற நாற்பது சவரனுக்குத் தனி மந்திரிப்பு இல்லை.

கடைசியாக, நிச்சயம் முடிந்து மோதிரமும் போட்ட பிறகு மனம் தயங்குகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். மாப்பிள்ளையின் குடி தெரியவந்திருக்கும். அல்லது நகையை இன்னும் ஐந்து சவரன் ஏற்றிக் கேட்டிருப்பார்கள். "நகை எடுத்தாச்சு, மண்டபத்துக்கு முன்பணம் கொடுத்தாச்சு, ஊர் என்ன சொல்லும்?" என்று வீட்டார் வாயை அடைத்துவிடுகிறார்கள். திருச்சபைச் சட்டம் 1062 தெளிவாகச் சொல்கிறது: நிச்சயத்தைக் காட்டி யாரையும் திருமணம் செய்தே ஆக வேண்டும் என்று வழக்காட முடியாது. இழப்பு ஏற்பட்டிருந்தால் ஈடு கேட்கலாம், அவ்வளவுதான். வற்புறுத்தலாலோ கடும் அச்சத்தாலோ நடக்கும் திருமணம் செல்லாது என்கிறது சட்டம் 1103. மண்டபத்து முன்பணம் போனால் போகட்டும். ரெபேக்காவின் கதையில், காப்பும் மூக்கணியும் போட்டு, பேச்சு முடிந்து, பரிசுகளும் கொடுத்த பிறகு, மறுநாள் காலையில் வீட்டார் அவளைக் கூப்பிட்டு, இவரோடு போகிறாயா என்று கேட்கிறார்கள். போகிறேன் என்று அவள் தன் வாயால் சொன்ன பிறகே ஒட்டகம் எழும்புகிறது.

அந்தக் கேள்வியை உங்கள் பங்குத்தந்தையும் கேட்பார். பெண்ணிடம் தனியாக, பையனிடம் தனியாக. ஓலை மூன்று ஞாயிறு வாசிக்க வேண்டியிருப்பதால், முன்கூட்டியே திருமுழுக்குச் சான்றிதழோடு வாருங்கள். திருமணத் தயாரிப்புப் பயிற்சிக்கும் பெயர் கொடுங்கள். நகைக்கடைக்குப் போவதை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.