பெயருக்கு வேலையா? திறனுக்கு வேலையா?

(தொழிலாளர் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



'வேலை இல்லை' என்னும் சொல்லைக் கேட்டுக் கேட்டு நம் இளைஞர்களின் செவிகள் புண்பட்டுப் போயின. அச்சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. வேலையே இல்லை என்பது ஒன்று. வேலை உண்டு, ஆனால் அஃது உனக்கு இல்லை என்பது மற்றொன்று. முன்னது நாட்டின் வறுமை. பின்னது நெஞ்சின் வறுமை. இன்று நான் பேச வந்தது அந்த நெஞ்சின் வறுமையைப் பற்றியே.

தனியார் நிறுவனத்தாரைக் கேட்டுப் பாருங்கள். "எங்களிடம் சாதி இல்லை, சமயம் இல்லை, தகுதி ஒன்றே எங்கள் அளவுகோல்" என்பார்கள். வேலை மறுக்கப்பட்டவனோ, தான் ஏன் மறுக்கப்பட்டான் என்று அறிய வழியே இல்லை. அவன் தன் மடலை மட்டுமே அறிவான். மற்றவர் மடல்களை அவன் கண்டதில்லை. ஆதலின் அவன் மனம் புழுங்குகின்றது. கையில் சான்று இல்லை. சான்றில்லாத துயரம் புலம்பலாகவே போய்விடுகின்றது.

இந்தச் சான்றைத் தேடிச் சில அறிஞர்கள் ஓர் எளிய முறையை மேற்கொண்டனர். கல்வி, பட்டறிவு, திறன் அனைத்திலும் ஒத்த வேண்டுகை மடல்களை எழுதுவது. பெயரை மட்டும் மாற்றுவது. ஒரே விளம்பரத்திற்கு அவற்றை அனுப்புவது. யாருக்கு அழைப்பு வருகின்றது என்று எண்ணுவது. அவ்வளவுதான்! மடல்களிடையே வேறுபாடு பெயர் ஒன்றே. ஆகவே விடையில் தொடர்ந்து வேறுபாடு தோன்றினால், அதற்குக் கரணியமும் அந்தப் பெயரே.

அமெரிக்காவில் மேரியான் பெர்ட்ரண்ட் என்னும் அம்மையாரும், தமிழ்நாட்டுச் சிற்றூரில் பிறந்து அங்குச் சென்று பேராசிரியரான செந்தில் முல்லைநாதனும் சிக்காகோ, பாசுடன் நகரங்களில் 2001, 2002-ஆம் ஆண்டுகளில் இம்முறையில் ஆய்ந்தனர். 1,300-க்கும் மேற்பட்ட விளம்பரங்களுக்கு ஏறத்தாழ 5,000 மடல்களை அனுப்பினர். எமிலி, கிரெக் போன்ற வெள்ளையர் பெயர்கள் பாதிக்கு. இலக்கீசா, சமால் போன்ற கறுப்பினத்தார் பெயர்கள் மறுபாதிக்கு. வெள்ளையர் பெயருக்குப் பத்து மடலுக்கு ஓர் அழைப்பு வந்தது. கறுப்பினத்தார் பெயருக்கோ பதினைந்து மடல் அனுப்பினால்தான் ஓர் அழைப்பு! ஒரு வெள்ளைப் பெயர், எட்டாண்டுப் பட்டறிவுக்கு ஈடாக நின்றது என்று அவர்கள் 2004-இல் வெளியிட்டனர். "அனைவர்க்கும் ஒத்த வாய்ப்பளிப்போம்" என்று விளம்பரத்தில் எழுதிய நிறுவனங்களும் இதில் குறைந்தவை அல்ல.

அமெரிக்காவை இடித்துரைத்துவிட்டு நாம் நிமிர்ந்து நடக்க முடியுமா? முடியாது. இந்தியாவிலும் இதே ஆய்வு நடந்தது. சுகதேவ் தோரட், பால் அட்டுவெல் ஆகிய இருவரும் 2005 அக்தோபர் தொடங்கி 66 கிழமைகள், ஆங்கில நாளிதழ்களில் வந்த 548 தனியார் வேலை விளம்பரங்களுக்கு 4,808 மடல்களை அனுப்பினர். உயர்சாதி இந்துப் பெயர் ஒன்று. தாழ்த்தப்பட்டோர் பெயர் ஒன்று. முசுலிம் பெயர் ஒன்று. படிப்பு ஒன்றே, திறன் ஒன்றே. உயர்சாதிப் பெயருக்கு அழைப்புக் கிட்டும் வாய்ப்பு வீதத்தை ஒன்று எனக் கொண்டால், தாழ்த்தப்பட்டோர் பெயருக்கு அது 0.67, முசுலிம் பெயருக்கு 0.33. முகத்தைக் காணவில்லை, குரலைக் கேட்கவில்லை, ஒரு வினாவும் கேட்கவில்லை. தாளின் தலைப்பில் இருந்த பெயரைக் கண்டதுமே கதவு சாத்தப்பட்டது! 2007-இல் இவ்வாய்வு வெளிவந்தது.

"அறியாமல் நடந்த பிழை" என்று சிலர் சொல்லக்கூடும். அதே ஆண்டில் வெளிவந்த மற்றோர் ஆய்வு அதற்கு விடை சொல்கின்றது. சுரிந்தர் சோத்கா, கேத்தரின் நியூமன் ஆகியோர் தில்லிப் பகுதியில் பெரிய நிறுவனங்களுக்கு ஆள் எடுக்கும் மேலாளர் 25 பேரை நேரிற் கண்டு வினவினர். தகுதியைத்தான் பார்க்கிறோம் என்றே மேலாளர்கள் உறுதி கூறினர். அதே வாயால், நேர்காணலில் 'குடும்பப் பின்னணி'யைக் கேட்டறிவது இன்றியமையாதது என்றும் கூறினர்! தந்தையார் என்ன பணி செய்தார்? உடன்பிறந்தார் என்ன படித்தனர்? எந்த ஊர்? இவற்றிலிருந்து ஒருவனின் பண்பை அறிந்துகொள்வார்களாம். அன்பர்களே, தந்தையின் தொழிலைக் கேட்டு மகனின் தகுதியை அளப்பதற்கு நம் நாட்டில் பழைய பெயர் ஒன்று உண்டு. அதன் பெயர் சாதி! 'பின்னணி' என்பது அதற்குப் போர்த்திய புதுப்போர்வை.

நடுநிலை தவறாமல் ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். தில்லியில் நடந்து 2009-இல் வெளிவந்த வேறோர் ஆய்வில், கணினி மென்பொருள் வேலைகளில் இத்தகைய வேறுபாடு புலப்படவில்லை. தொலைபேசி அழைப்பு மையங்களில் மட்டும் பிற்படுத்தப்பட்டோர் பெயர்கள் பின்தள்ளப்பட்டன. இது நம் கருத்தைத் தளர்த்தவில்லை, வழியையே காட்டுகின்றது. திறனை அளந்து பார்க்கக்கூடிய இடத்தில் பெயரின் ஆட்சி சுருங்குகின்றது. "பேச்சு எப்படி, பழக்கம் எப்படி" என்று ஒருவரின் விருப்பத்திற்கு விட்ட இடத்தில் அது விரிகின்றது என்று கொள்ள இடமுண்டு.

சட்டம் என்ன செய்கின்றது? 1921-இல் நீதிக்கட்சி ஆட்சி பிறப்பித்த வகுப்புரிமை ஆணை அரசுப் பணியின் கதவைத் தட்டியது. அரசியலமைப்புச் சட்டத்தின் 16-ஆம் கூறு அரசுப் பணியில் சாதி, சமயம், பால் பார்த்து ஒதுக்குவதைத் தடுத்தது. ஆனால், அந்தக் கூறு அரசு அலுவலக வாயிலோடு நின்றுவிடுகின்றது. தனியார் வேலையில் பெண்களுக்காக 1976-இலும், மாற்றுத் திறனாளிகளுக்காக 2016-இலும், திருநங்கையர் முதலானோர்க்காக 2019-இலும் சட்டங்கள் வந்தன. சாதியும் சமயமும் பார்த்துத் தனியார் வேலை மறுப்பதைப் பொதுவாகத் தடுக்கும் தனிச்சட்டம் மட்டும் இல்லை. அமெரிக்காவில் தனியாரையும் கட்டுப்படுத்தும் சட்டம் 1964-இலேயே வந்துவிட்டது. அதற்குப் பின்னும் அங்கே நடப்பதை முன்னர்க் கண்டோம். சட்டம் இருந்தும் அந்நிலை என்றால், சட்டமே இல்லாத இடத்தில் ஏழை யாரிடம் முறையிடுவான்?

பெயரின் ஆற்றலைத் தமிழர் முன்பே உணர்ந்தவர். 1929-இல் செங்கற்பட்டில் கூடிய தன்மதிப்பு இயக்க மாநாடு, பெயருக்குப் பின்னுள்ள சாதி வாலை அறுத்தெறியத் தீர்மானித்தது. இன்று தமிழ்நாட்டில் பெயரோடு சாதியை எழுதுவோர் அருகிவிட்டனர். அது நம் பெருமை. சாதி காட்டாத நல்ல தமிழ்ப்பெயரை மகவுக்குச் சூட்டும் பெற்றோர், ஒரு கதவின் தாழை அன்றே நீக்கிவிடுகின்றனர். ஆயினும் அதனோடு மகிழ்ந்து அமர்ந்துவிடலாகாது. பெயரில் இல்லாத சாதியை "எந்த ஊர்? எந்தத் தெரு?" என்னும் வினா வெளிக்கொணர்ந்துவிடும். சமயமோ பெயரிலேயே நிற்கின்றது. அதனை மறைக்கச் சொல்லும் உரிமை எவர்க்கும் இல்லை. பெயரை மாற்ற வேண்டியவன் வேலை கேட்பவன் அல்லன். மனத்தை மாற்ற வேண்டியவன் வேலை தருபவனே.

ஆகவே நாம் வேண்டுவன நான்கு. ஒன்று: முதற்கட்டத் தேர்வில் பெயரும் தந்தை பெயரும் ஊரும் மறைக்கப்பட வேண்டும். பொதுத்தேர்வு விடைத்தாளைத் திருத்துவோர்க்கு மாணவன் பெயர் தெரிவதில்லை. எண் மட்டுமே தெரியும். பள்ளிப் பிள்ளைக்குத் தரும் இக்காப்பைப் படித்து முடித்த இளைஞனுக்குத் தருவதில் என்ன தடை? இரண்டு: நேர்காணலில் அனைவரிடமும் ஒரே வினாக்களைக் கேட்க வேண்டும், குடும்பத்தைத் துருவும் வினா கூடாது. மூன்று: தனியார் வேலையிலும் சாதி, சமய ஒதுக்கலைத் தடுக்கும் சட்டமும், முறையீட்டுக்கு ஒரு மன்றமும் வேண்டும். நான்கு: அரசே இந்த மடல் ஆய்வை ஆண்டுதோறும் நடத்தி, முடிவை மக்கள் முன் வைக்க வேண்டும். அளக்கப்படாத தீமை மறுக்கப்பட்டுக்கொண்டே இருக்கும்.

தொழிற்சங்கத் தோழர்களுக்கு ஒரு சொல். வேலையில் இருப்பவனின் கூலிக்காகப் போராடுகின்றீர்கள், போற்றுகின்றேன். வாயிலிலேயே திருப்பியனுப்பப்பட்டவன் உங்கள் உறுப்பினன் அல்லன். அவனுக்குக் கொடியும் இல்லை, குரலும் இல்லை. அவனுக்காகவும் பேசுங்கள். தகுதி என்னும் சொல் நல்ல சொல். அதனைத் தீயோர் கையில் விட்டுவிடாமல் மீட்போம். ஒரே அளவுகோலால் அனைவரையும் அளக்கச் செய்வோம்!