வைக்கும் தாளும் விடும் தாளும்

கொழும்புக் கோட்டையிலிருந்து கண்டிக்கு வரும் மாலைப் புகைவண்டி றம்புக்கணையை விட்டு மலையேறத் தொடங்கியதும், இரண்டாம் வகுப்புப் பெட்டிகளில் ஒரு மாறுதலைக் காணலாம். அதுவரை தூங்கி வழிந்தவர்களுள் நால்வர் எழுந்து எதிரெதிராக அமர்வர். நான்கு முழங்கால்களின்மீது ஒரு கைப்பெட்டி கிடத்தப்படும். அதன்மேல் ஒரு பழைய பத்திரிகை விரிக்கப்படும். ஒருவர் சட்டைப்பையிலிருந்து ஓரம் தேய்ந்த கடதாசிக் கட்டை எடுப்பார். பாலனைக்கும் கடுகண்ணாவைக்கும் அண்மையில் வண்டி சுரங்கத்துள் நுழையும்போது, விளக்கில்லாத பெட்டியானால், நால்வரும் தத்தம் தாள்களை மார்போடு அணைத்துக்கொண்டு வெளிச்சம் வரும்வரை அசையாதிருப்பர். இருளில் எவரும் எவருடைய தாளையும் பார்க்க முடியாதென்பது அவர்களுக்குத் தெரியும். ஆயினும் அணைத்துக்கொள்வர்.

அவர்கள் ஆடுவது பெரும்பாலும் முந்நூற்றுநான்கு. யாழ்ப்பாணத்துத் திண்ணைகளிலும், மலைநாட்டில் சாவு நிகழ்ந்த வீடுகளிலே இரவு முழுதும் விழித்திருப்போர் நடுவிலும் ஆடப்படுகின்ற அதே ஆட்டந்தான். இவ்வாட்டத்தின் உயிர்நிலை ஒரு கேள்வியில் இருக்கிறது: கையிலிருப்பவற்றுள் எதை வைத்துக்கொள்வது, எதை விட்டுவிடுவது? கேள்வி சிறிதுதான். ஆனால், நாற்பது ஆண்டு ஆடியவர்களும் ஒரு தாளை இரு விரலிடையே பிடித்தபடி அரை நிமிடம் தயங்குவதைக் காண்போர்க்கு, அது அத்துணை எளிதன்று என்பது புலனாகும்.

வானொலியில் தாளைக் காட்ட இயலாது. ஆதலால் நேயர்கள் மனக்கண்ணிலே ஒரு கட்டை விரித்துக்கொள்ள வேண்டும். 52 தாள்களில் இரண்டு முதல் ஆறு வரையுள்ளவற்றை நீக்கினால் 32 தாள் எஞ்சும். நால்வருக்கும் எட்டெட்டு. எதிரெதிரே இருப்பவர் துணைவர். ஆட்டம் வலப்புறமாகச் சுழலும். இதில் ஆசுக்கோ ராசாவுக்கோ முதன்மை இல்லை. சேவகனாகிய ஜாக் தலைவன். அவனுக்கு 30 புள்ளி. அடுத்தது ஒன்பது, அதற்கு 20. அதன்பின் ஆசுக்கு 11, பத்துக்கு 10, ராசாவுக்கு 3, ராணிக்கு 2. எட்டுக்கும் ஏழுக்கும் ஒன்றுமில்லை. ஒரு சாதியில் 76. நான்கு சாதியிலும் சேர்த்து 304. பெயரே கணக்கைச் சொல்லுகிறது. பெருக்கல் வாய்பாட்டைக் கண்டு அழுகின்ற பிள்ளைகள் இந்தக் கணக்கை மட்டும் நொடியில் கூட்டிவிடுகிறார்கள் என்பதைப் பெற்றோர் பலர் அறிவர், ஒப்புக்கொள்ளுவோர் சிலர்.

சேவகன் அரசனை வெல்லும் இம்முறை இந்நாட்டில் பிறந்ததன்று. ஜாக்கையும் ஒன்பதையும் தலைமேல் வைத்து ஆடும் ஆட்டங்கள் ஒல்லாந்திலும் சுவிற்சர்லாந்திலும் உள்ளன. ஒல்லாந்தர் 1658 முதல் 1796 வரை இலங்கையின் கரையோரங்களை ஆண்டவர்கள். ஆடுத்தன், உருவித்தன், கலாவரை, இஸ்கோப்பன் என்று நம்மவர் சொல்லும் நான்கு சாதிப் பெயர்களும் அவர்கள் மொழியினவே. அவற்றையே சிங்கள மக்கள் ஹாரத்த, ருயித்த, கலாபர, இஸ்கோப்ப என்பர். கண்டி இராச்சியமோ ஒல்லாந்தருக்கு அடங்கியதன்று. 1765இல் அவர்களுடைய ஆள்பதி வான் எக் படையோடு வந்து கண்டி நகரைப் பிடித்தும் அவ்வாண்டே பின்வாங்க நேர்ந்தது. படையெடுத்து வந்தவர்கள் நிலைக்காத மலையில் அவர்களுடைய சொற்கள் மட்டும் நிலைத்துவிட்டன. 1867இல் கண்டிக்குப் புகைவண்டி வந்தபின் கரையோரத்து வழக்கங்கள் மலையேறுவதற்குத் தடை ஏது?

இந்தப் பொதுச் சொற்களால் விளைந்த நன்மை ஒன்றுண்டு. கண்டியில் ஓர் ஆட்டத்துக்கு அமரும் நால்வர் ஒரே தாய்மொழியினராய் இருக்கவேண்டும் என்பதில்லை. கட்டுக்கலையில் குடியிருக்கும் தமிழ் எழுத்தரும், அக்குறணை முஸ்லிம் வணிகரும், பேராதனைச் சிங்கள ஆசிரியரும் ஒரே பத்திரிகையைச் சுற்றி அமர்வதுண்டு. ஆட்டத்தினிடையே துணைவரோடு பேசக்கூடாது; கண் காட்டக்கூடாது. ஆகவே ஒருவர் விடும் தாளே அவர் சொல்லும் சொல்.

முதலில், வைப்பதைப் பற்றி. முதற் பகிர்வில் ஒவ்வொருவருக்கும் நான்கு தாள் மட்டுமே வரும். அந்நான்கைக் கொண்டே கேள்வி கேட்கவேண்டும். குறைந்த கேள்வி 160. மொத்தத்தின் பாதி 152 ஆதலால், கேட்பவர் பாதிக்குமேல் எடுப்பதாக வாக்களிக்கிறார். கேள்வியை வென்றவர் ஒரு தாளைக் கவிழ்த்து வைப்பார். அதன் சாதியே துரும்பு. மற்ற நான்கு தாள் அதன் பின்னரே வரும். ஒருவர் கையில் ஆடுத்தன் ஜாக்கும் ஏழும், கலாவரையில் ஆசும் பத்தும் வந்தனவென்று கொள்வோம். புதியவர் 21 புள்ளியைக் கண்டு கலாவரையைத் துரும்பாக்குவார். ஆனால், அச்சாதியின் ஜாக்கும் ஒன்பதும் வெளியே இருக்கின்றன. அவரது ஆசும் பத்தும் அவற்றுக்கு இரையாகக் கூடும். ஜாக்கோடு ஒன்றுக்கும் உதவாத ஏழு நிற்கும் ஆடுத்தனே தலையுள்ள சாதி. புள்ளி வேறு, வலி வேறு என்று பிரித்தறிவது இவ்வாட்டத்தின் அரிச்சுவடி.

விடுவது அதனினும் கடினம். இறங்கிய சாதியில் தாளிருந்தால் அதையே போடவேண்டும். அங்கே பெரிய சிந்தனைக்கு இடமில்லை. அச்சாதி கையில் இல்லாதபோதுதான் மனிதன் தன் விருப்பப்படி விடுகிறான். துணைவர் எடுக்கப்போகும் பிடியென்றால் புள்ளியுள்ள தாளை விட்டு அவர் பொதியைக் கனமாக்கலாம். எதிரி எடுக்கப்போகும் பிடியென்றால் ஏழையும் எட்டையும் தேடவேண்டும். அதே பத்து ஒரு பிடியில் வரவு, மற்றொன்றில் செலவு. சிங்கள மக்களிடையே பெரிதும் வழங்கும் ஓமி ஆட்டத்தில் தாளுக்குப் புள்ளி கிடையாது. எட்டுப் பிடிகளில் யார் எத்தனை எடுத்தார் என்பதே கணக்கு. அதிலும் நினைவாற்றல் வேண்டும். ஆனால், விடும் தாளைப் பற்றிய இந்த மனவேதனை அதில் இல்லை. முந்நூற்றுநான்கு ஆடுவோர் ஓமியைச் சற்றே இளக்காரமாகப் பேசுவதற்கு இது காரணமாகலாம். அந்த இளக்காரம் நியாயமன்று.

இந்த வேதனையை முழுமையாகக் காண விரும்புவோர் ஆங்கிலேயரின் கிரிபேஜ் ஆட்டத்தைப் பார்க்கவேண்டும். 17ஆம் நூற்றாண்டுக் கவிஞரான சேர் ஜோன் சக்ளிங் அதனை அமைத்தவரென ஜோன் ஓப்ரி எழுதிவைத்திருக்கிறார். இருவர் ஆடும்போது ஆளுக்கு ஆறு தாள். நான்கை வைத்துக்கொண்டு இரண்டை ஒதுக்கவேண்டும். இருவரும் ஒதுக்கிய நான்கும் ஒரு குவியலாகி, தாள் பகிர்ந்தவருக்கே சேரும். அடுத்த முறை பகிர்பவர் மாறுவார். ஆறில் இரண்டை ஒதுக்க 15 வழிகள் உண்டு. கூட்டினால் 15 வரும் தாள்களுக்கு இரண்டு புள்ளி. பத்து மதிப்புள்ள தாள்கள் 52இல் 16 இருப்பதால், ஐந்து என்னும் சிறு தாள் அங்கே பொன்னாகிறது. தன் குவியலுக்கு ஐந்தும் ஜாக்கும் ஒதுக்குபவன் தனக்கே பரிசளிக்கிறான். எதிரியின் குவியலுக்கு ஒதுக்குபவன் எதிரிக்குச் சீதனம் கொடுக்கிறான். தாள் ஒன்றே. யார் வீட்டுக்குப் போகிறது என்பதே வேறுபாடு. முந்நூற்றுநான்கு ஆடிப் பழகிய கண்டி நகரத்தார் ஒருவர் கிரிபேஜ் பலகையின் முன் அமர்ந்தால், அரை மணியில் அதன் நுட்பம் பிடிபட்டுவிடும்.

மீண்டும் புகைவண்டிக்கு வருவோம். மேற்சொன்ன எழுத்தரும் சிங்கள ஆசிரியரும் துணைவர்கள் என்று கொள்வோம். ஆசிரியர் 160 கேட்டிருக்கிறார். துரும்பு ஆடுத்தன், அது திறக்கப்பட்டுவிட்டது. நான்கு பிடிகள் முடிந்தன. எல்லாத் தாள்களும் முகம் தெரிய இறங்கியவை. கலாவரை ஒரே முறை இறங்கியது. அப்போது நால்வரும் அச்சாதியையே போட்டனர். ஐந்தாம் பிடிக்கு ஆசிரியர் கலாவரை ஜாக்கை இறக்குகிறார். அடுத்திருக்கும் எதிரி கலாவரை எட்டைப் போடுகிறார். இப்போது எழுத்தரின் முறை. அவர் கையில் கலாவரை இல்லை, துரும்பும் இல்லை. இஸ்கோப்பனில் ஒன்பது, எட்டு, ஏழு. உருவித்தனில் தனியொரு பத்து. அவருக்குப் பின் போடவேண்டியவர் அக்குறணை வணிகர், எதிரணி.

இஸ்கோப்பன் ஜாக் முன்னரே போய்விட்டது. ஆகவே ஒன்பது இப்போது அச்சாதிக்குத் தலை. அதை விடுவது மடமை. மிஞ்சுவது, பத்தை விடுவதா, ஒன்றுமில்லாத ஏழை விடுவதா என்பதே. கலாவரை எட்டில் ஆறு தெரிந்துவிட்டன. தெரியாதவை இரண்டு. அவ்விரண்டும் இருக்கக்கூடிய இடங்கள் பத்து: ஆசிரியர் கையில் மூன்று, முதல் எதிரி கையில் மூன்று, வணிகர் கையில் நான்கு. இரண்டுமே வணிகரிடம் இல்லாதிருக்க வாய்ப்பு 45இல் 15. அதாவது மூன்றில் ஒன்று. அப்படி இல்லாதபோதும், வெட்டுவதற்கு அவரிடம் துரும்பு இருக்கவேண்டும். ஆக, மூன்றில் இரண்டு பங்குக்குக் குறையாமல் பிடி ஆசிரியருக்கே.

இவ்வளவோடு நிறுத்துபவர் பாதிக் கணக்கே போட்டவர். பத்தை விடாமல் வைத்திருந்தால் அது யாரிடம் போகும் என்பது மறுபாதி. உருவித்தன் ஜாக் இன்னும் இறங்கவில்லை. அது இருக்கக்கூடிய பத்து இடங்களில் மூன்றே துணைவருடையவை, ஏழு எதிரிகளுடையவை. எதிரி அதை இறக்கினால், தனியாய் நிற்கும் பத்து வாய்பேசாமல் அதன் பின்னே போகவேண்டியதுதான். வைத்துக்கொண்டால் பத்திரம் என்று தோன்றுவது கை செய்யும் மயக்கம். இக்கணக்கை எவரும் புகைவண்டியில் எழுதிப் பார்ப்பதில்லை. கேள்வி கேட்டவர் குரல், முன்பு அவர் தயங்கிய இடம் ஆகியவற்றையும் சேர்த்து, விரல் நுனியிலேயே எண்ணி முடிப்பர்.

பணம் வைத்து ஆடுவோரைப் பற்றி இங்கே பேச்சில்லை. அதற்கு 1889ஆம் ஆண்டிலேயே சூதாட்டக் கட்டளைச் சட்டம் பிறந்துவிட்டது. முந்நூற்றுநான்குக்குக் காசு வேண்டுவதில்லை, புளியங்கொட்டை போதும். தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத்திலும் 1860 முதல் ஒப்பந்தக் கூலிகளாய்ப் போன இந்தியரின் வழிவந்தோர் 24 தாள்களைக் கொண்டு துனீ என்னும் ஆட்டம் ஆடுகின்றனர். அதிலும் ஜாக்குக்கு 30, ஒன்பதுக்கு 20. எட்டும் ஏழும் இல்லாமையால் மொத்தம் அங்கும் 304 தான். கண்டிக்கு வந்த தோட்டத் தொழிலாளரும் டர்பனுக்குப் போனவர்களும் கடல்களால் பிரிந்தனர். சேவகனின் மதிப்பு இரு கரையிலும் குறையவில்லை.

எழுத்தர் பத்தை விட்டார். வணிகர் ஒரு கணம் தம் தாள்களைப் பார்த்தார். கலாவரை அவரிடம் இல்லை. ஆடுத்தன் ஏழை எடுத்து மெல்ல வைத்து வெட்டினார். முப்பதும் பத்தும் எதிரணிக்குப் போயின. அடுத்த மூன்று பிடிகளும் விரைவாக நடந்தன. ஆசிரியர் கையிலிருந்து உருவித்தன் ஜாக் இறங்கியபோது எழுத்தர் கண்ணை வேறெங்கோ திருப்பிக்கொண்டார். பத்தை வைத்திருந்தால் அது இப்போது வீடு சேர்ந்திருக்கும். எண்ணிப் பார்த்தார்கள். 150. கேட்டது 160.

எழுத்தர் பத்திரிகையின் ஓரத்தை நீவிக்கொண்டிருந்தார். முந்நூற்றுநான்கு ஆட்டத்தால் பேச்சு நின்ற சகோதரர்களும் உண்டு. பத்துப் புள்ளிக்காகத் துணைவரை ஊரறிய ஏசிய பெரிய மனிதர்களும் உண்டு. ஆசிரியர் விழுந்து கிடந்த தாள்களைச் சற்று நேரம் பார்த்தார். கலாவரை ஜாக்கின் அருகே அந்தப் பத்தை நகர்த்தி வைத்தார். தமக்குள் எதையோ எண்ணினார். பின்னர் "ஹரி" என்ற ஒரே சொல்லைச் சொன்னார். சரி என்பது அதன் பொருள். கடுகண்ணாவை கடந்து பிலிமத்தலாவை வந்துகொண்டிருந்தது. பேராதனைக்குள் இன்னும் ஓர் ஆட்டத்துக்கு நேரமிருந்தது. அவர் தாள்களைச் சேர்த்துக் கலைக்கத் தொடங்கினார்.