பிள்ளைகள் நிறைந்த வீட்டில் ஒரு புதுப் பிள்ளை

(பொன்விழாக் குடும்ப தினத்தன்று ஆற்றிய உரை)



பெரிய குடும்பத்தில் புதிதாய் வரும் குழந்தையைப் பற்றிப் பேசும்படி என்னைக் கேட்டிருக்கிறார்கள். ஏழு பிள்ளைகளில் மூத்தவளாய்ப் பிறந்தேன் என்பதைத் தவிர எனக்கு வேறு தகுதி கிடையாது. ஆகவே, நம் எல்லாருக்கும் பழக்கமான ஒரு வீட்டைக் காட்டிப் பேசுகிறேன். அது சிறுமலர் தெரேசம்மாள் பிறந்த வீடு.

பிரான்சு நாட்டில் அலன்சோன் என்ற ஊர். தகப்பனார் லூயி மார்ட்டின் கடிகாரம் பழுது பார்க்கும் தொழில் செய்தவர். தாயார் செலி, லேஸ் பின்னும் தொழில் நடத்தியவர். நாகர்கோவில் பக்கத்து லேஸ் வேலையைப் பார்த்தவர்களுக்கு அது கண்ணைப் பிடுங்கும் வேலை என்று தெரியும். செலியம்மாள் தாமும் பின்னினார். வேறு பெண்களுக்கும் வேலை கொடுத்து, கணக்குப் பார்த்து, பிள்ளைகளையும் வளர்த்தார். 1858-இல் திருமணம். அதன் பின் ஒன்பது பிள்ளைகள். 2015-ஆம் ஆண்டு திருச்சபை இந்தத் தம்பதியரைச் சேர்த்தே புனிதராக உயர்த்தியது. ஆனால் அவர்கள் வீட்டில் எல்லா நாளும் திருநாளாக இருக்கவில்லை.

1867 முதல் 1870 வரை நான்கே ஆண்டுகளில் நான்கு பிள்ளைகளை அவர்கள் அடக்கம் செய்தார்கள். ஒரு வயது நிறையாத இரண்டு ஆண் குழந்தைகள், ஐந்து வயதுச் சிறுமி ஒருத்தி, இரண்டு மாதமும் முடியாத ஒரு கைக்குழந்தை. தாய்க்கு உடல்நிலையால் பால் கொடுக்க இயலவில்லை. பால் கொடுக்க ஒப்புக்கொண்ட பெண் சரிவரக் கவனிக்காததால்தான் அந்தக் கடைசிக் குழந்தை போயிற்று.

இத்தனைக்கும் பிறகு 1873 ஜனவரி 2-ஆம் நாள் இரவு தெரேசம்மாள் பிறந்தாள். அந்த வீட்டில் மகிழ்ச்சியோடு பயமும் இருந்திருக்கும் என்பதைப் பிள்ளையைப் பறிகொடுத்த தாய்மார் அறிவார்கள். மூத்த அக்காள் மரிக்கு அப்போது பன்னிரண்டு வயது. அவள்தான் ஞானத்தாய். மூன்றாம் நாளே ஞானஸ்நானம் ஆயிற்று.

இரண்டு மாதத்துக்குள் இந்தக் குழந்தையும் வாடத் தொடங்கியது. செலியம்மாள் அதிகாலையில் செமல்லே கிராமத்துக்கு நடந்தே போய், ரோஸ் என்ற குடியானவப் பெண்ணைக் கண்டு மன்றாடினார். ரோஸுக்குத் தன் பிள்ளைகள், வயல், மாடு என்று எத்தனையோ பாடு. இருந்தும் வந்தாள். குழந்தையைத் தன் வீட்டுக்கே கொண்டு போய் ஓராண்டுக்கு மேல் பாலூட்டி வளர்த்தாள். ஒருமுறை ரோஸ் வெண்ணெய் விற்க நகருக்கு வந்தபோது குழந்தையைத் தாயிடம் விட்டுப் போனாள். பிள்ளையோ வீறிட்டு அழுதது. கடைசியில் சந்தைக்கே தூக்கிக்கொண்டு போய் ரோஸிடம் கொடுத்த பின்தான் அழுகை நின்றது. பெற்ற தாய் அதைப் பார்த்துப் பொறாமைப்படவில்லை. பிள்ளை பிழைத்ததே போதும் என்று சந்தோஷப்பட்டார்.

தாய்மாரே, ஒரு புதுப் பிள்ளையைப் பெற்றவள் மட்டும் வரவேற்க முடியாது. அக்காள்மார் வேண்டும், அண்டை வீட்டார் வேண்டும், ஒரு ரோஸ் வேண்டும்.

இனி, அந்த வீட்டின் மற்றொரு பிள்ளையைச் சொல்கிறேன். தெரேசம்மாள் பிறந்தபோது ஒன்பது வயதான லெயோனி. நோயாளிப் பிள்ளை. படிப்பு வரவில்லை, பள்ளியிலும் நிலைக்கவில்லை. மூத்த இருவரும் ஒரு சோடி, சின்னவர்கள் இருவரும் ஒரு சோடி. இவள் நடுவில் தனி. வீட்டு வேலைக்காரி அவளைப் பயமுறுத்தியே தன் சொற்படி ஆட்டி வைத்திருந்தாள். பிள்ளை அடங்காதவள் என்றே எல்லாரும் நினைத்தார்கள். புனிதர்களான பெற்றோர் இருந்த வீட்டில், ஒரு பிள்ளையின் துன்பம் நெடுங்காலம் யார் கண்ணிலும் படவில்லை. 1877-இல் மரிதான் அதைக் கண்டுபிடித்தாள். அன்று முதல் செலியம்மாள் லெயோனியைத் தம் பக்கத்திலேயே வைத்துக்கொண்டார். ஆனால் மார்பகப் புற்றுநோய் முற்றி, அவ்வாண்டு ஆகஸ்டு 28-ஆம் நாள் அவர் இறந்துபோனார். தாயும் மகளும் நெருங்கி வாழச் சில மாதங்களே கிடைத்தன.

இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு என் தம்பி நினைவு வரும். எங்கள் வீட்டில் ஐந்தாவது பிள்ளை பிறந்தபோது எனக்குப் பதினொரு வயது. அம்மா பாயில். விடிந்தால் கோழிக்குத் தவிடு, அடுப்பில் கஞ்சி, கிணற்றடியில் துணி, எல்லாம் என் தலையில். ஒரு மத்தியானம் குழந்தையைக் கிடத்தப் போனேன். சேலைத் தொட்டிலில் நான்கு வயதுத் தம்பி முடங்கிப் படுத்திருந்தான். இருந்த கோபத்தில் இழுத்துப் போட்டு முதுகில் இரண்டு வைத்தேன். அவன் அழவில்லை. கொல்லைப்புறம் போய் உட்கார்ந்துகொண்டான். அன்று அவனைச் சாப்பிடக் கூப்பிட யாருக்கும் நினைவு வரவில்லை, எனக்கும் வரவில்லை.

இன்று அவன் பேரன் பேத்தி எடுத்தவன். கேட்டால், "தொட்டில் எப்படி இருக்குன்னு பார்க்கத்தான் ஏறினேன் அக்கா" என்று சிரிக்கிறான். எனக்குத்தான் அந்த இரண்டு அடியும் இன்னும் கையில் இருக்கிறது.

சிறு வயதில் தெரேசம்மாளுக்கு ஒரு பழக்கம் இருந்ததாகச் செலியம்மாள் கடிதத்தில் எழுதியிருக்கிறார். மாடிப்படி ஏறும்போது படிக்கு ஒருமுறை "அம்மா" என்று கூப்பிடுவாள். தாய் பதில் கொடுத்தால் அடுத்த படி. பதில் வராவிட்டால் அங்கேயே நின்றுவிடுவாள். மேலேயும் போக மாட்டாள், கீழேயும் இறங்க மாட்டாள். கடைக்குட்டிக்கு அந்தத் தைரியம் இருந்தது. சத்தம் போட்டுக் கூப்பிட்டாள், பதில் வந்தது. கூப்பிடத் தெரியாமல் படியில் நின்றுவிட்ட பிள்ளைக்கு யார் பதில் சொல்வது? இதுதான் நான் உங்களிடம் கேட்கும் கேள்வி.

இன்று நம் பங்கில் பெரும்பாலும் ஒன்றோ இரண்டோ பிள்ளைகள்தான். ஆயினும் இரண்டாவது பிள்ளை வந்தவுடன் முதல் பிள்ளை படியில் நின்றுவிடுவதை நான் பார்க்கிறேன். ஆகவே ஒரு சிறு வேண்டுகோள். பிள்ளை பிறந்த வீட்டுக்குப் போனால், முதலில் மூத்த பிள்ளையைப் பேர் சொல்லிக் கூப்பிடுங்கள். சோப்பும் பவுடரும் வாங்கும்போது, அவனுக்கும் ஒரு பிஸ்கட் பொட்டலம் வாங்குங்கள். ஞானஸ்நானத்தன்று குழந்தையின் வெள்ளைத் துணியை அவன் கையில் கொடுத்துக் கோவிலுக்கு நடக்க விடுங்கள். தாய் களைத்திருந்தால், ஒரு மணி நேரம் நீங்கள் ரோஸாக இருங்கள்.

லெயோனியின் கதை அழுகையில் முடியவில்லை. மூன்றுமுறை துறவறம் போய்த் திரும்பினாள். நான்காம் முறை, 1899-இல், கான் நகரத்து விசிட்டேஷன் மடத்தில் சேர்ந்து, 1941-இல் இறக்கும்வரை அங்கேயே நிலைத்தாள். அவளையும் புனிதராக உயர்த்துவதற்கான விசாரணை, பெற்றோர் புனிதரான அதே 2015-இல் தொடங்கப்பட்டது. பிந்தி வந்தாலும் பதில் பதில்தான். ஆனால் நம் வீட்டுப் பிள்ளைகளை அத்தனை காலம் காக்க வைக்க வேண்டாம்.

இயேசுவுக்கே புகழ்! மரியே வாழ்க!